காளீஸ்வரியின் படம் போட்டு விற்ற சேலை

எங்கள் மில் காலனியில் பாக்கியத்தாயின் வயிற்றுக்குள் காளீஸ்வரியின் பிள்ளை முதன்முதலாக உதைத்தது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலையில், அவள் மாரியம்மன் கோவில் வரிசையில் தேங்காய்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது. பாக்கியத்தாய்க்கு நாற்பத்தேழு வயது, பிள்ளை கிடையாது, மாதவிலக்கு நின்றே இரண்டு வருடம் ஆகியிருந்தது. காளீஸ்வரியின் பிள்ளையோ மூச்சில்லாமல் பிறந்து மாசி மாதமே மண்ணுக்குள் போயிருந்தது. ஆனாலும் உதைத்தது. பாக்கியத்தாய் தட்டைக் கீழே போடவில்லை, கத்தவில்லை, காலையில் தின்ற மொச்சைதான் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு, சூடம் காட்டும்வரை நின்று கும்பிட்டு, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, நேராக என் வீட்டுக்கு வந்து சேலையை மாற்றாமலே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாரி, கைய வச்சுப் பாரு" என்றாள். வைத்தேன். உள்ளே இருந்து ஒரு சின்னக் குதிகால் என் உள்ளங்கையைத் தள்ளியது. நான் மூன்று பெற்றவள், எனக்கு வாயுவும் தெரியும், குதிகாலும் தெரியும்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் மற்ற யார் கையையும்விட என் கைதான் அதிகம் இருக்கிறது. என் பெயர் சந்தனமாரி. எங்கள் வீட்டுக்கும் காளீஸ்வரி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பேன். தை மாதம் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. அவளுடைய தாய்மாமன் எடுத்துவந்த மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குக் கரை, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், கன்னத்தில் நாங்கள் ஆளுக்கு ஒரு கை பூசிவிட்ட சந்தனம், இடது கையை வயிற்றுக்கு அடியில் தாங்கலாக வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு. அதைப் படம் எடுத்தது நான். வைத்துக்கொள்ளத் தெரியாமல் அன்றைக்கே ஃபேஸ்புக்கில் போட்டு, எங்கள் காளிக்கு வளைகாப்பு என்று எழுதி, லைக் வர வர எண்ணிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

மாசியில் பிள்ளை பிறந்து, ஆண் பிள்ளை, நல்ல முடி, எல்லாம் இருந்து மூச்சு மட்டும் இல்லாமல் போனபோது, அந்தப் பட்டில்தான் சுற்றிக் கொண்டுபோனார்கள். எங்கள் காலனியில், பிள்ளை தங்காத வயிற்றின் படம் யார் வீட்டிலும் இருக்கக் கூடாது என்று ஓர் எண்ணம் உண்டு. அடுத்த பிள்ளையை அது வழிமறிக்கும் என்பார்கள். ஆகையால் காளி ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் நான் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு போனாக வாங்கி, அந்தப் படத்தை என் விரலாலேயே அழித்தேன். அவளுடைய புருஷன் வேல்சாமி சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன், அவனும் மறுபேச்சில்லாமல் போனை நீட்டினான். ஃபேஸ்புக்கில் போட்டதையும் எடுத்தேன். அழிக்கட்டுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு வந்துவிட்டால் நமக்கு யாரையும் கேட்கத் தோன்றுவதில்லை.

நான் அழிப்பதற்கு முன்பே அதை வேறொருவன் எடுத்திருந்தான். அவன் எந்த ஊர்க்காரன், ஆணா பெண்ணா, ஆளா கம்பெனியா என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. ஆடித் தள்ளுபடிக்குப் பாக்கியத்தாய் போனில் சேலை தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதற்குள் நின்றுகொண்டிருந்தாள் எங்கள் காளி. பின்னால் இருந்த எங்கள் காலனிச் சுவரையும் கேஸ் சிலிண்டரையும் வெட்டி எடுத்துவிட்டு, ஓர் அரண்மனைப் படிக்கட்டையும் நீரூற்றையும் இரண்டு அன்னப் பறவைகளையும் ஒட்டியிருந்தான். கீழே, வளைகாப்பு ஸ்பெஷல், டிசைன் எண் 407, பட்டு போன்ற பளபளப்பு என்று எழுதியிருந்தது. திருட்டுப் பயல், விளங்குவானா, கேட்காமல் ஒரு பொம்பளைப் படத்தை எடுத்து விற்கிறானே என்று பாக்கியத்தாய் அரை மணி நேரம் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, படத்தில் காளி அத்தனை அழகாக இருந்ததால், ஒரு சேலைக்கு ஆர்டர் போட்டாள்.

வந்த சேலை பட்டும் இல்லை, பட்டு போன்றதும் இல்லை. கொசுவலைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனால் மாம்பழ மஞ்சளும் அரக்குக் கரையும் அப்படியே இருந்தன, அதை உடுத்தினால் பிள்ளை உதைத்தது. அவிழ்த்து மடித்து வைத்தால் வயிறு வெறும் வயிறு. ஞாயிற்றுக்கிழமைக்குள் இது காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது, அடுத்த வாரத்துக்குள் பார்சல் கொண்டுவருகிற பையனுக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டு எண்ணும் மனப்பாடம் ஆகிவிட்டது.

யாரும் ஆச்சரியப்பட்டு வேலையை விடவில்லை. மில்லில் ஷிப்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நூலை உருளையில் சுற்றும் கோன் பிரிவில் இழை அறுந்தால் முடிச்சுப் போடும் நேரத்தில் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொள்வோம், உதைக்கிறானா என்று கண்ணாலேயே கேட்டுக்கொள்வோம். வேலைக்குச் சீருடை மேல்கோட்டு உண்டு, அதற்குள் என்ன உடுத்தினோம் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? மகனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டு வருடக் கணக்காகச் சிரிக்காமல் இருந்தவள் சிரித்தாள். கர்ப்பப்பை எடுத்தவள், இல்லாத இடத்தில் உதைக்கிறானே போக்கிரி என்று கொஞ்சினாள். மாமியாரும் மருமகளும் ஒரே சேலையை நாள் மாற்றி நாள் உடுத்திக்கொண்டு, அதனாலேயே சண்டையை மறந்தார்கள், பிறகு அதனாலேயே சண்டையும் போட்டார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து காதில் குழாயை மாட்டி ஒவ்வொருத்தியாகக் கேட்டுவிட்டு, நோட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல், நலம் என்று மட்டும் எழுதிக்கொண்டு போனாள். டீக்கடைச் சுப்புக்காளை இதெல்லாம் பொம்பளைகளின் பொழுதுபோகாத பேச்சு என்று கேலி பண்ணிக்கொண்டு திரிந்தவன், ஒரு மத்தியானம் பெண்டாட்டி சேலையை வேட்டிக்கு மேல் சுற்றிப் பார்த்தான். அன்றைக்குச் சாயங்காலம் கடை திறக்கவில்லை, அதற்குப் பிறகு கேலியும் பேசவில்லை.

காளியிடம் மட்டும் நாங்கள் சொல்லவில்லை. அவள் ஐந்து மாதத்துக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்து, ஆவணி முதல் தேதிதான் வேலைக்குத் திரும்பினாள். அன்றைக்கு அந்தச் சேலையைக் கட்டாதீர்கள் என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்ள மறந்துபோனோம். முதல் ஷிப்டு பஸ் வந்து நின்றது, காளி படியில் கால் வைத்து ஏறி நிமிர்ந்து பார்த்தாள். முன்சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரைக்கும் அவளுடைய வளைகாப்புச் சேலையில் முப்பத்தொரு பெண்கள் உட்கார்ந்திருந்தோம், பாதிப் பேருக்குக் கை வயிற்றின் மேல் இருந்தது. டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. பாக்கியத்தாய்தான் எழுந்து போய், அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னாள்.

காளி அழவில்லை. பாக்கியத்தாயின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு, "டீ குடிச்சா விக்கல் எடுக்கானா?" என்று கேட்டாள்.

"என்னத்தா?"

"சூடா டீ குடிச்சா அவனுக்கு விக்கல் வரும். எட்டாம் மாசத்துல இருந்து வரும். வருதா?"

நாங்கள் அதைக் கவனித்திருக்கவில்லை. மில் வாசலில் இறங்கி முப்பத்தொரு பேரும் டீ வாங்கிக் குடித்தோம். குடித்த கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தி வயிற்றுக்குள்ளும் டிக், டிக் என்று ஒரே சீராக விக்கல் எடுத்தது. யாருக்கும் அதற்குப் பிறகு அவளை நேராகப் பார்க்க முகமில்லை. போக்கிரி, குட்டி, தங்கம் என்று நாங்கள் வாய்க்கு வந்தபடி கொஞ்சிக்கொண்டிருந்தது அவளுடைய பிள்ளையை. அந்தச் சேலைக்காரன் படத்தைக் கேட்காமல் எடுத்தான், நாங்கள் படத்துக்குள் இருந்தவனையே கேட்காமல் எடுத்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலமே பாக்கியத்தாய் தன் சேலையைக் கழற்றி அவளுக்குக் கட்டிவிட்டாள். காளி நடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். வளையலைக் குலுக்கிப் பார்த்தோம். டீ போட்டுக் கொடுத்தோம். இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னோம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆயிற்று, அவள் வயிறு அசையவே இல்லை. வேறொருத்தி சேலையை மாற்றிக் கட்டினோம், அதற்கு வேறொன்று, அதிலும் அசைவில்லை. ஊரில் அத்தனை பேரிடமும் போனவன் பெற்றவளிடம் மட்டும் ஏன் போகவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, தெரிந்தால் இத்தனை நாள் தூங்கியிருப்பேன்.

அவள் சேலையை அவிழ்த்து மடித்துப் பாக்கியத்தாயிடம் கொடுத்தாள். "கட்டிக்கங்க அத்தை" என்றாள். பாக்கியத்தாய் கட்டிக்கொண்டதும் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கூச்சத்தோடு, முன்பின் தெரியாத வீட்டுக் கதவில் கை வைக்கிற மாதிரி, வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். உடனே உதைத்தான். அவள் சிரித்தாள், மாசிக்குப் பிறகு முதல்முறையாக. பெற்ற பிள்ளையின் உதையைப் பிறத்தியாள் வயிற்றுக்கு வெளியே இருந்து தொட்டுப் பார்க்கிற கதி என் பகையாளிக்கும் வரக் கூடாது.

அது முதல் தினமும் சாயங்காலம் ஷிப்டு முடிந்து காளி ஒரு வீட்டுக்குப் போவாள். யாரும் வா என்று அழைக்க வேண்டியதில்லை, அந்த வீட்டுக்காரி சேலையைக் கட்டிக்கொண்டு தயாராக இருப்பாள். காளி கையை வைத்து உட்கார்ந்திருப்பாள், அடுப்பில் சோறு பொங்கும், டிவி ஓடும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும், அவள் பேச மாட்டாள். போகும்போது, நல்லா வளந்துருக்கான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். நாங்கள் ஆமாம் என்போம். படத்தில் இருந்தது எட்டாம் மாதம், அது எப்போதும் எட்டாம் மாதம்தான் என்பது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வேல்சாமிக்கு விஷயம் கடைசியாகத்தான் தெரிந்தது, சரக்கு இறக்கப் போன கடையில் யாரோ போனைக் காட்டிவிட்டார்கள். என் பெண்டாட்டி நிறைமாத வயிற்றை வைத்து வியாபாரம் பண்ணுகிறானா என்று கொதித்துப் போய், போலீசில் விசாரித்து, படத்தை நீக்கச் சொல்லும் மனு ஒன்றை வாங்கி வந்தான். படத்தில் இருப்பவரே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"நான் போட மாட்டேன் மாமா."

"எவனோ ஒருத்தன் உன்னைய வச்சுச் சம்பாரிக்கான் புள்ள. படந்தான வேணும்? நம்ம போன்ல எடுத்து வச்சுக்கிடுவோம். அங்கன இருந்து எடுக்கச் சொல்லிருவோம்."

"படம் யாருக்கு மாமா வேணும்? அவன் அங்கனதான இருக்கான்."

மனுவைக் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் அவனுக்கு ஒரு வழியும் இல்லை. காளி எந்த வீட்டுக்கும் போவாள், எவள் வயிற்றிலும் கை வைப்பாள். அவன் போக முடியுமா? சாயங்காலம் வாசலில் நின்று அவள் வரும் வழியைப் பார்ப்பான், வந்ததும், இன்னைக்கு எத்தன தடவ என்று கேட்பான், அவள் விரலைக் காட்டுவாள். இப்படி ஒரு மாதம் போனது. பிறகு ஒரு நாள் அவன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. அது கடைசியாக வந்த சேலை. அதற்கு மறுநாள் அந்தச் சேலைக்காரன் தன் பக்கத்தில் விற்றுத் தீர்ந்தது என்று போட்டுவிட்டான். வேல்சாமி அந்தச் சேலையைச் சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டான், கொசுவம் வைக்கத் தெரியாமல் கயிற்றால் இறுக்கிக்கொண்டான், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தான். அவனுக்குள்ளும் உதைத்தது. அந்தச் சாயங்காலத்திலிருந்து காளி எங்கள் வீடுகளுக்கு வரவில்லை. ஆறரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் குலுங்கும், காளியின் குரல் கேட்கும், வேல்சாமியின் குரல் கேட்கும். ஓர் ஆம்பளை பிள்ளையைச் சுமந்துகொண்டிருப்பதைக் கேலி செய்யக் காலனியில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மலிவுச் சேலை எத்தனை நாளைக்கு வரும்? முதல் தண்ணீரில் சாயம் போயிற்று, இரண்டாவதில் இழை விட்டது. துவைக்காமலே கட்டினோம், வேர்வை நாற்றத்தோடு கட்டினோம், நிழலில் காயப்போட்டு, நாங்களே மில்லிலிருந்து கொண்டுவந்த கழிவு நூலால் தைத்துத் தைத்துக் கட்டினோம். பாதிக்கு மேல் கிழிந்தால் அந்தச் சேலையில் அவன் வருவதில்லை. புரட்டாசி முடியும்போது முப்பத்தொன்றில் பன்னிரண்டுதான் மிஞ்சியது, ஐப்பசி மழையில் அது ஐந்தாயிற்று. வேல்சாமியின் சேலையிலும் கயிறு கட்டிய இடத்தில் நைந்து வந்தது.

அப்போதுதான் காளி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். "மாரிக்கா, அந்த யாவாரிக்கு ஒரு சேதி எழுதணும். நீங்க எழுதித் தாங்க" என்றாள். விற்பவருக்குக் கேள்வி என்று அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அண்ணே, உங்கள் 407 சேலையில் நிற்பது நான்தான். வயிற்றில் இருப்பது என் மகன். நீங்கள் கேட்காமல் எடுத்துவிட்டீர்கள், பரவாயில்லை, எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. படத்தை எடுத்துவிடாதீர்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும், எனக்குச் சம்மதம். சேலையை மட்டும் மறுபடியும் விற்பனைக்குப் போடுங்கள். இப்படிக்கு, காளீஸ்வரி.

எழுதி முடித்து அவளுக்கு ஒரு தரம் வாசித்துக் காட்டினேன். "சம்மதம்னு நல்லாத் தெரியிதுல்லக்கா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். அனுப்பினேன். இதுவரை யாருமே அவளிடம் கேட்காத சம்மதத்தை அவளாகவே வலியப் போய்க் கொடுத்தாள், அதை என் விரல்தான் அனுப்பியது.

பதில் நாலு நாள் கழித்து வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. மன்னிக்கவும் மேடம், உங்கள் படம் என்று தெரியாது, மாற்றிவிட்டோம், இனி உங்களுக்கு எந்தப் பிரச்சினையும் வராது, ஸ்டாக் புதிதாக வந்திருக்கிறது. அடியில் கும்பிடுகிற கை ஒன்று. நான் அவசரமாக அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதே அரண்மனைப் படிக்கட்டு, அதே அன்னங்கள், அதே மாம்பழ மஞ்சள் சேலை. முகம் வேறு யாரோ ஒருத்தியுடையது, எந்த ஊரிலும் பிறக்காத முகம், சந்தனம் இல்லாத வழவழப்பான கன்னம். வளைகாப்பு ஸ்பெஷல் என்பது போய், எல்லா விசேஷங்களுக்கும் ஏற்றது என்று வந்திருந்தது. வயிற்றைக் கம்ப்யூட்டரால் இழைத்துத் தட்டையாக்கியிருந்தான். கையை மட்டும் மாற்ற அவனுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. முழங்கை வரை வளையல் போட்ட காளியின் கை, முன்பு வயிறு இருந்த இடத்துக்கு அடியில் அப்படியே வளைந்து, ஒன்றுமில்லாததைத் தாங்கிக்கொண்டிருந்தது.

வெளியே பாக்கியத்தாய் தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிழிந்து தைத்த சேலையோடு. "மாரி, நின்னுருச்சு மாரி, திடீர்னு நின்னுருச்சு." எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி அலறினாள். மிச்சம் இருந்த சேலை எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் அடங்கிப் போயிருந்தான்.

மணி ஆறரை. சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். வேல்சாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், நைந்த சேலை அவன் வயிற்றைச் சுற்றியிருந்தது. காளி எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் வளையலைக் குலுக்கிக்கொண்டு, இன்னொரு கையை அவன் வயிற்றில் வைத்திருந்தாள். "என்ன மாமா, இன்னைக்குச் சத்தத்தையே காணும்?" என்று கேட்டாள்.

வேல்சாமி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். என் கையில் இருந்த போனைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எதுவும் சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினான்.

பிறகு அந்த மனுஷன் மூச்சை உள்ளே இழுத்தான், மூட்டை தூக்கிக் காய்த்த உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் வயிற்றை உள்ளிருந்து ஓர் உந்து உந்தினான். காளியின் கை லேசாக எழும்பி இறங்கியது. மறுபடி உந்தினான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து மீசைக்குள் இறங்கியது, வாயை மட்டும் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, "பாத்தியா புள்ள, பாத்தியா, உதைக்கான்" என்றான். மூன்றாம் முறை, நாலாம் முறை.

வளையல் சத்தம் நின்றது. காளி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வயிற்றின் மேல் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"போதும் மாமா" என்றாள். "அவன் தூங்கட்டும்."